பள்ளி திறக்கும் வாரம்: பெற்றோருக்குச் செய்தி சேர்க்கும் முறை

ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கும் நாளன்று, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கும் தாய் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் நான்கைந்துதான். எத்தனை மணிக்கு வர வேண்டும், எத்தனை மணிக்கு விடுவீர்கள், சாப்பாடு இன்றைக்கே உண்டா, புத்தகம் எப்போது தருவீர்கள், எங்கள் பிள்ளைக்கு எந்த டீச்சர்? நாம் அனுப்பும் சுற்றறிக்கையோ புதிய கல்வியாண்டின் வாழ்த்துகளில் தொடங்கி, ஒழுக்கத்தின் சிறப்பைச் சொல்லி, ஒத்துழைப்பு நல்கக் கேட்டுக்கொண்டு, இந்த ஐந்தில் ஒன்றுக்கும் விடை தராமலே முடிந்துவிடுகிறது. அரசுத் தொடக்கப்பள்ளியில் பணியாற்றுவோரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். மற்றப் பள்ளியினர் தங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

முதல் வேலை, திறக்கும் தேதியை அவசரப்பட்டு அச்சிடாமல் இருப்பது. தமிழ்நாட்டில் 2023-இல் தொடக்க வகுப்புகளுக்கு ஜூன் 5 என்று சொல்லப்பட்ட தேதி, வெயிலின் கடுமையால் ஜூன் 7-க்குப் போய், பிறகு ஜூன் 14 என்று முடிந்தது. 2024-இலும் ஜூன் 6 என்றது ஜூன் 10 ஆயிற்று. ஏப்ரலில், கடைசி வேலை நாளன்று பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பும் தாளில் தேதியை எழுதிவிட்டால், அதைத் திருத்துவது புதிதாகச் சொல்வதைவிடக் கடினம்; ஒரு வீட்டில் பழைய தாளே பல வாரங்கள் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும். ஆகவே அந்தத் தாளில், திறக்கும் நாள் பின்னர் அறிவிக்கப்படும் என்றும், எந்த வழியாக அறிவிக்கப்படும் என்றும் மட்டும் எழுதினால் போதும்.

தேதி உறுதியானதும் முதல் அறிவிப்பை எழுத உட்காருங்கள். தாளின் ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. 'மாணவ மாணவியர் அனைவரும் உரிய நேரத்தில் பள்ளிக்கு வருகை புரிவதைப் பெற்றோர் உறுதி செய்யுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது' என்ற வாக்கியத்தை நானும் பல ஆண்டுகள் எழுதியிருக்கிறேன். அதில் நேரமும் இல்லை, நாளும் இல்லை, யார் கேட்டுக்கொள்கிறார் என்பதும் இல்லை. இப்போது இப்படி எழுதுகிறேன்: 'திங்கள்கிழமை காலை 8.15 மணிக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து விடுங்கள். காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் பள்ளியிலேயே உண்டு. மாலை 4 மணிக்கு வந்து கூட்டிப் போங்கள். தண்ணீர் பாட்டில் மட்டும் கொடுத்துவிடுங்கள். சீருடை வந்ததும் சொல்வோம். அதுவரை இருக்கிற உடையே போதும்.' மணிக்கணக்கை உங்கள் பள்ளிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். கடைசி வாக்கியத்தை விட்டுவிட வேண்டாம். பழைய சீருடை சிறியதாகிவிட்டது என்பதற்காகவே முதல் வாரம் பிள்ளையை வீட்டில் நிறுத்திவைக்கும் குடும்பங்கள் உண்டு.

காலைச் சிற்றுண்டியைப் பற்றி ஒவ்வோர் ஆண்டும் சொல்ல வேண்டியிருக்கிறது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டு முதல் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்துவிட்ட திட்டந்தான் என்றாலும், புதிதாகச் சேரும் பிள்ளையின் வீட்டுக்கு அது புதிய செய்தியே. வீட்டில் நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டு வரும் பிள்ளை பள்ளியில் தட்டை ஒதுக்குவதும், பள்ளியில் கிடைக்கும் என்று நம்பி வெறும் வயிற்றோடு அனுப்பப்பட்ட பிள்ளை பரிமாறி முடிந்தபின் வந்து சேர்வதும் ஒரே குறையின் இரண்டு பக்கங்கள். பரிமாறத் தொடங்கும் நேரத்தையும் முடியும் நேரத்தையும் இரண்டையுமே எழுதுங்கள்.

எழுதியாயிற்று, யார் படிக்கப் போகிறார்கள்? ஒரு முறை சுற்றறிக்கையை நீட்டியபோது, பேத்தியைக் கூட்டிப் போக வந்த பாட்டி அதை மரியாதையாக இரு கையாலும் வாங்கி, நான்காக மடித்து, சுருக்குப் பையில் வெற்றிலையோடு வைத்துக்கொண்டார். அது மறுநாளும் அங்கேயே இருந்தது. அதிகாலையிலேயே தாயும் தந்தையும் வேலைக்குக் கிளம்பிவிடும் ஊர்களில், பள்ளியோடு நாள்தோறும் தொடர்புள்ளவர் பாட்டியோ தாத்தாவோதான். அவர்களிடம் தாளைக் கொடுக்கும்போதே அதிலுள்ளதை இரண்டு வாக்கியத்தில் வாயால் சொல்லி, அவர்களையே ஒரு முறை திருப்பிச் சொல்லச் செய்வது நல்லது. படிக்கத் தெரியுமா என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லோரிடமும் ஒரே மாதிரி சொல்லிவிட்டால் யாருக்கும் மனம் நோகாது.

வாட்சப் குழுவை முழுதாக நம்பியதன் பலனை எங்கள் பள்ளியிலேயே கண்டேன். திருவிழாவுக்கான உள்ளூர் விடுமுறையை முந்தைய நாள் இரவு குரல் பதிவாகக் குழுவில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் காலையில் மூன்று பிள்ளைகள் பூட்டிய கேட்டின் முன் பையோடு நின்றிருந்தார்கள். மூவர் வீட்டிலும் குழுவில் இருந்த எண், வெளியூரில் வேலை பார்க்கும் தந்தையுடையது. செய்தி ஊருக்கு வரவில்லை, திருப்பூருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அன்றிலிருந்து சேர்க்கைப் பதிவேட்டில் உள்ள எண்ணோடு நிறுத்திக்கொள்வதில்லை. பகலில் பிள்ளையின் வீட்டில் இருக்கும் போன் எது, அதை எடுப்பவர் யார் என்று தனியே கேட்டு, வகுப்புவாரியாக ஒரு நோட்டில் எழுதிக்கொள்கிறேன்.

குழுவில் ஆசிரியர்கள் மட்டுமே செய்தி இடும்படி அமைத்துவிடுங்கள். காலை வணக்கப் படங்களுக்கு நடுவே விடுமுறைச் செய்தி காணாமல் போய்விடும். குழுவில் உள்ளவர்களின் எண் மற்றவர்களுக்கும் தெரியும் என்பதால், சேர விரும்பாத தாய்மாரை வற்புறுத்த வேண்டாம். அவர்களுக்கு, ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வாட்சப்பின் ஒலிபரப்புப் பட்டியல் (பிராட்காஸ்ட் லிஸ்ட்) பொருந்தும், ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்போருக்கு மட்டுமே அந்தச் செய்தி போகும். முதல் நாளிலேயே எதிரில் நின்று சேமிக்கச் செய்துவிடுங்கள். உதவித்தொகைப் பட்டியலையோ, சாதிச் சான்று தராதவர் பெயர்களையோ, வங்கிக் கணக்கு விவரத்தையோ குழுவில் போடுவது எவ்வளவு அவசரமானாலும் தவறு. அவை தனித்தனியாகச் சொல்ல வேண்டியவை.

சான்றிதழ்களைக் கேட்கும்போது சொல்லும் முறையிலும் கவனம் வேண்டும். பிறப்புச் சான்று, ஆதார், புகைப்படம் என்று பட்டியல் போட்டு 'தவறாமல் கொண்டுவரவும்' என்று எழுதினால், ஏதேனும் ஒன்று இல்லாத குடும்பம் வராமலே இருந்துவிடும். வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக்கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு சொல்கிறது. 'இருப்பதைக் கொண்டு வாருங்கள், இல்லாததைப் பிறகு பார்த்துக்கொள்வோம்' என்ற ஒரு வரி அந்தப் பட்டியலின் மேலேயே இருக்கட்டும்.

நாம் சொல்வதோடு, பெற்றோர் சொல்வதையும் கேட்டு வாங்க வேண்டும். வலிப்பு, மூச்சிளைப்பு, சேராத உணவு, மாலையில் யார் வந்தால் பிள்ளையை அனுப்பலாம், யார் வந்தால் அனுப்பக் கூடாது ஆகிய விவரங்களை முதல் வாரத்திலேயே தனியாக அழைத்துக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசிக் கேள்வியைக் கூட்டத்தில் கேட்டால் உண்மையான விடை வராது.

முதல் பெற்றோர் கூட்டத்தைக் காலை பதினொரு மணிக்கு வைத்துவிட்டு, யாரும் வரவில்லை என்று குறைபட்டுக்கொள்வதில் நியாயமில்லை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரச் சொல்கிறோம் என்று பொருள். மாலையில், பிள்ளைகளை விடும் நேரத்தை ஒட்டி அரைமணி நேரம் போதும். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோரும், பாதிக்குக் குறையாமல் பெண்களும் இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தப் பெண்களிடம் தெருவுக்கு ஒருவராகச் செய்தியை ஒப்படைத்தால், குழாயடியிலும் ரேஷன் கடை வரிசையிலும் அது நம்மைவிட வேகமாகப் போய்ச் சேரும். தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தையும் கணக்கையும் கற்பிக்கும் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைப் பற்றிக் கூட்டத்தில் விளக்க நேர்ந்தால், அரும்பு, மொட்டு, மலர் என்பவை பிள்ளை இப்போது நிற்கும் படிகளே தவிர மதிப்பெண் வரிசை அல்ல என்பதைப் பயிற்சி நூலைத் திறந்துகாட்டிச் சொல்லுங்கள். அரும்பு என்றதும் தன் பிள்ளை தோற்றுவிட்டதாக எண்ணிய தாயைப் பார்த்திருக்கிறேன்.

அக்டோபரிலும் ஜனவரியிலும் பருவம் தொடங்கும்போது இவ்வளவும் தேவையில்லை. திறக்கும் நாள், புதிய பருவத்தின் புத்தகம், மாறிய போன் எண் ஆகிய மூன்றே போதும். ஜூனில் மட்டும், திறந்த வாரத்தின் வெள்ளிக்கிழமை மாலை வருகைப் பதிவேட்டையும் போன் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு நாளும் வராத பிள்ளைகளின் பெயரைத் தனியே எழுதி, சனிக்கிழமை காலை ஏழு மணிக்குள், பெற்றோர் வேலைக்குக் கிளம்பும் முன்பே, அந்த வீடுகளுக்கு நேரில் போய்விடுங்கள்.