குழந்தை காணாமல் போகும் த்ரில்லரா? இந்த இடங்களில் சறுக்காதீர்கள்

இரவு. மழை. டிடெக்டிவ் சிகரெட்டைப் பற்றவைக்கிறார். நண்பர்கள் படிக்கத் தரும் க்ரைம் கதைகளில் பாதி இப்படித்தான் தொடங்குகின்றன. முப்பது பக்கம் தாண்டுவதற்குள் அவருடைய விவாகரத்து, குடி, தூக்கமின்மை எல்லாம் நமக்கு மனப்பாடம். காணாமல் போன சிறுமிக்கு என்ன வயது என்று கேட்டால் மட்டும் முதல் பக்கத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது.

இதுதான் பெரிய தவறு. வாசகருக்கு அந்தக் குழந்தையைத் தெரியாவிட்டால் பயம் வராது. ‘சுட்டியான ஏழு வயதுச் சிறுமி’ என்றால் கண்ணில் யாருமே வந்து நிற்பதில்லை. காலில் என்ன செருப்பு என்று டிடெக்டிவ் கேட்கட்டும். “நீலம் சார். இடது கால் வார் அறுந்துபோச்சு, ஊக்கு குத்தி விட்டிருந்தேன். புதுசு வாங்கித் தரேன்னு சொல்லிட்டே இருந்தேன்” என்கிறாள் அம்மா. எண்பதாவது பக்கத்தில் புதரோரம் ஒரு ஊக்கு கிடந்தால் போதும். ரத்தம் எதற்கு? குழந்தைக்கு நேர்ந்த கொடுமையைப் பக்கம் பக்கமாக விவரிப்பவர்கள் கதையை இருட்டாக்குவதில்லை, வாசகரைப் புத்தகத்தை மூட வைக்கிறார்கள்.

புகார் கொடுக்க வருபவர்களிடம் போலீஸ் சொல்லும் ‘24 மணி நேரம் கழித்து வாருங்கள்’ என்ற வசனத்துக்கு ஆயுசு கெட்டி. அமெரிக்காவில் குழந்தைகள் விஷயத்தில் அப்படிக் காத்திருக்கச் சொல்வதை 1990-லேயே சட்டம் போட்டுத் தடுத்தார்கள். இந்தியாவில் குழந்தையைக் காணவில்லை என்று புகார் வந்தால் வழக்குப் பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் சொல்லிவிட்டது. அந்த வசனம் வேண்டுமென்றால் வையுங்கள். ஆனால் அதைச் சொல்பவர் கடமையைத் தட்டிக்கழிக்கிறார் என்பது வாசகருக்குத் தெரிய வேண்டும்.

தேடுதலையும் பலர் காட்டில்தான் தொடங்குகிறார்கள். முதலில் வீட்டுக்குள் தேட வேண்டும்: அலமாரி, கட்டிலடி, கார் டிக்கி. இன்னொன்று, தெரியாதவர்களோடு பேசாதே என்று சொல்லி வளர்த்த பிள்ளை, தேடி வருபவர்கள் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் பதில் சொல்லாமல் பதுங்கிவிடலாம். டார்ச் வெளிச்சம் பத்தடி தள்ளிக் கடந்து போகிறது, புதருக்குள் குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பாதாள அறை வில்லனை வைத்து இதைவிட இருண்ட காட்சி எழுதிவிட முடியுமா?

செல்போன் டவரை வைத்து ஆள் நிற்கும் வீட்டையே காட்டிவிடுவதும், மங்கலான சிசிடிவி படத்தைப் பெரிதாக்கி நம்பர் பிளேட்டைப் படிப்பதும் மந்திரவாதம். டவர் தருவது பெரும்பாலும் ஒரு சுற்றுவட்டாரத்தைத்தான். சிசிடிவி பதிவு சில நாட்களிலோ வாரங்களிலோ தானாக அழிந்துவிடும். அதன் கடிகாரம் பதினொரு நிமிடம் பிந்தியிருந்தால்? நிரபராதி மாட்டிக்கொள்வான். தொழில்நுட்பம் கைவிடும் இடத்தில்தான் கதைக்குத் தீனி கிடைக்கும்.

சாட்சி சொல்லும் இன்னொரு குழந்தையிடம் டிடெக்டிவ், “கறுப்புச் சட்டை போட்ட மாமாதானே?” என்று கேட்பார். அது தலையாட்டும், கேஸ் முடியும். சின்னப் பிள்ளைகள் பெரியவர் எதிர்பார்க்கும் பதிலைத் தந்துவிடக்கூடும். அதனால்தான் பயிற்சி பெற்றவர்கள், “என்ன நடந்துச்சுன்னு சொல்லு” என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். உங்கள் டிடெக்டிவ் தவறாகக் கேட்டே ஆக வேண்டுமென்றால் கேட்கட்டும், அந்தப் பதிலை நம்பி அவர் பத்து அத்தியாயம் தவறான ஆளைத் துரத்த வேண்டும்.

குற்றவாளியைக் கடைசி அத்தியாயத்தில் புதிதாக இறக்குவது அழுகுணி ஆட்டம். அவ்வளவுதான் சொல்வேன்.

முடிவுக்கு வந்தால், குழந்தை ஓடிவந்து கட்டிக்கொள்வதோடு திரை போட்டுவிடுகிறார்கள். இரண்டு வருடம் கழித்துக் கிடைத்த குழந்தை ஓடிவராமல் வாசலிலேயே நிற்கலாம். அம்மா அன்றைக்கே வாங்கி வைத்த புதுச் செருப்பை எடுத்து வந்து மாட்டிப் பார்க்கிறாள். குதிகால் வெளியே நிற்கிறது.