சேமிப்பை வைத்துக்கொண்டே கர்த்தரைச் சார்ந்திருப்பது எப்படி?

என் அப்பாவின் வேதாகமத்தில் லூக்கா 12ஆம் அதிகாரத்துப் பக்கத்தில் ஒரு பர்மிய 75 கியாட் நோட்டு இருக்கிறது. மடிப்புக் கலையாத, எந்தக் கடையிலும் செல்லாத நோட்டு. 1985 நவம்பரில் 50, 100 கியாட் நோட்டுகள் முன்னறிவிப்பின்றிச் செல்லாதவையாக்கப்பட்டு, ஓரளவுக்கு மட்டுமே மாற்றிக்கொள்ள அனுமதிக்கப்பட்டபோது, அக்காவின் கல்யாணத்துக்காகச் சேர்த்திருந்ததில் ஒரு பங்கு போயிற்று. அதன்பின் அப்பா இன்னும் கடுமையாக உழைத்து, புதிதாக வந்த 35, 75 கியாட் நோட்டுகளாகவே சேர்த்தார். இவை அரசாங்கமே இப்போதுதான் அச்சடித்தவை, இவற்றுக்கு ஒன்றும் ஆகாது என்பது அவர் கணக்கு. 1987 செப்டம்பர் 5ஆம் தேதி அவ்விரண்டும் 25 கியாட் நோட்டும் செல்லாதவையாயின. இம்முறை ஈடு எதுவுமே கிடையாது. அம்மாதமே 45, 90 கியாட் நோட்டுகள் வெளிவந்தன. இரண்டும் ஒன்பதால் வகுபடும் எண்கள். அன்றைய ஆட்சித் தலைவர் நே வின் ஒன்பதைத் தமக்கு ராசியான எண்ணாகக் கருதினார் என்று ஊரே பேசிக்கொண்டது. பிறரின் சேமிப்பை ஒரு நாளில் அழிக்கக்கூடியவரும் தம் பாதுகாப்பை ஓர் எண்ணில் தேடினார் என்பதை அப்பா சிரிக்காமல் சொல்வார்.

யாங்கோனிலும் சுற்றுவட்டாரத்திலும் வாழும் நம் தமிழ்ச் சபையாரில் பலர் அண்மைக்காலமாகக் கேட்கும் ஒரு கேள்விக்காகவே இதை எழுதுகிறேன்: கர்த்தரை நம்பு என்கிறார்கள், ஆனால் திங்கட்கிழமை காலையில் அதை எப்படிச் செய்வது? சேமிக்காதே என்று யாரேனும் போதித்தால் அதைக் கேட்க வேண்டாம். எறும்பினிடத்தில் போய்ப் பார் என்று நீதிமொழிகள் 6ஆம் அதிகாரமே சொல்கிறது. கையில் சேமிப்பு இருப்பதில் குற்றமில்லை. பயம் வரும் நேரத்தில் நம் மனம் முதலில் யாரிடம் ஓடுகிறது என்பதையும், எதை இழந்துவிடக் கூடாது என்பதற்காக எந்தக் கட்டளையை மீறத் துணிகிறோம் என்பதையும்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே முதல் வேலை, நாம் உண்மையில் எதன்மேல் சாய்ந்திருக்கிறோம் என்று கண்டுபிடிப்பது. இதை யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது; யோசித்தால் எல்லாருக்கும் ‘கர்த்தர்’ என்றே விடை வரும். ஒரு சிறிய நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, ஏழு நாளைக்கு, பயம் வந்த நேரத்தையும் அந்த நேரத்தில் மனத்துக்கு ஆறுதல் தந்த நினைவையும் மட்டும் எழுதுங்கள். இரவு விழிப்பு வந்தபோது அலமாரியில் இருக்கும் தங்கத்தை மனத்துக்குள் எண்ணினீர்களா? மலேசியாவில் இருக்கும் தம்பி மாதாமாதம் அனுப்புவானே என்று நினைத்தீர்களா? அலுவலகத்தில் தெரிந்த ஆள் ஒருவர் இருக்கிறாரே என்று நினைத்தீர்களா? 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு நம்மவர்க்கு அட்டையின் நிறமே ஒரு கவலையாகிவிட்டது. முழுக் குடிமக்களுக்குரிய இளஞ்சிவப்பு அட்டை வைத்திருப்பவர் நிம்மதியாகத் தூங்குகிறார், நீலமும் பச்சையும் வைத்திருப்பவர் தூக்கம் இழக்கிறார் என்றால் அதையும் எழுத வேண்டும். எழுதும்போது உங்களை நீங்களே கண்டிக்க வேண்டாம். அதற்கு வேறு நாள் இருக்கிறது.

அந்தப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எரேமியா 2:13ஐ வாசியுங்கள். ஜீவத்தண்ணீரின் ஊற்றாகிய தம்மை விட்டுவிட்டு, தண்ணீர் நிற்காத வெடிப்புள்ள தொட்டிகளைத் தங்களுக்கு வெட்டிக்கொண்டார்கள் என்று கர்த்தர் அங்கே இரண்டு தீமைகளைச் சொல்கிறார். தொட்டி வைத்திருந்ததே தீமை என்று சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்; மழை வராத மாதங்களுக்கு யூதேயாவில் தொட்டி இல்லாமல் பிழைக்க முடியாது. ஊற்றை விட்டுவிட்டதும், வெடித்த தொட்டியை ஊற்றென்று எண்ணியதுமே தீமை. வெடிப்பு எப்படிப்பட்டது என்று இந்த நாட்டுத் தமிழருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1930களில் நெல் விலை விழுந்து கடன்கள் அடைபடாமற்போனபோது, கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால் பங்கு விளைநிலம் செட்டியார்களின் கைக்கு வந்தது; நிலத்தைவிட உறுதியானது வேறென்ன என்று அன்று யார் கேட்டிருந்தாலும் விடை இருந்திருக்காது. 1941 டிசம்பரில் ரங்கூனில் (இன்றைய யாங்கோனில்) ஜப்பானியக் குண்டு விழுந்தது. 1942இல் இலட்சக்கணக்கானோர் அசாமுக்கும் மணிப்பூருக்கும் நடந்தே போனார்கள். விடுதலைக்குப் பின் வந்த நிலச் சட்டங்களில் நிலம் போயிற்று. 1963, 1964இல் வங்கிகளும் கடைகளும் அரசுடைமையாகி, கப்பலேறியவர்கள் நகையையும் ரொக்கத்தையும் விட்டுவிட்டே ஏறினார்கள். இராணுவம் ஆட்சியைப் பிடித்த 2021இல் வங்கியில் சொந்தப் பணம் இருந்தும் அதைக் கையில் எடுக்க வரிசையில் நின்றவர்களும், தரகு கொடுத்து எடுத்தவர்களும் நம் சபைகளிலேயே இருக்கிறார்கள்.

இரண்டாவது வேலை வரிசையை மாற்றுவது. பெரும்பாலும் நாம் செய்கிற முறை இது: செய்தி வந்ததும் நாலு பேருக்குத் தொலைபேசி, பிறகு கணக்கு, பிறகு திட்டம், எல்லாம் முடிந்தபின் ‘ஆண்டவரே, இதை ஆசீர்வதியும்’. இதற்குப் பெயர் சார்ந்திருத்தல் ஆகாது. கையெழுத்து வாங்குதல் என்று வேண்டுமானால் சொல்லலாம். செய்தி வந்தவுடன், தொலைபேசியை எடுப்பதற்கு முன், மூன்று வரி எழுதிப் பாருங்கள்: நடந்தது என்ன, எனக்குப் பயம் எது, நான் கர்த்தரிடம் கேட்பது எது. மூன்றாம் வரியை வாய்விட்டு ஜெபியுங்கள். அதற்குப் பிறகு யாரை அழைக்க வேண்டுமோ அழையுங்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் அந்த ஐந்து நிமிடத்தைக் கொடுப்பதற்கு எனக்கு ஏறக்குறைய ஒரு வருடம் பிடித்தது, ஏனெனில் கை தானாகவே தொலைபேசிக்குப் போய்விடும்.

அழைப்பதே அவிசுவாசம் என்று நினைப்பவர்களுக்கு எஸ்றாவையும் நெகேமியாவையும் அருகருகே வைத்து வாசிக்கும்படி சொல்வேன். இருவரும் பாரசீக ராஜாவின் அனுமதியோடு எருசலேமுக்குப் போனவர்கள். எஸ்றா, எங்கள் தேவனுடைய கரம் எங்கள்மேல் இருக்கிறது என்று ராஜாவிடம் முன்பே சொல்லியிருந்ததால், வழியில் காவலுக்குச் சேவகரைக் கேட்க வெட்கப்பட்டு, அகாவா நதிக்கரையில் உபவாசம் இருந்து, சேவகர் இல்லாமலே புறப்பட்டார். நெகேமியாவோடு ராஜா இராணுவச் சேர்வைக்காரரையும் குதிரைவீரரையும் அனுப்பினார்; அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதே நெகேமியா பின்னர், ஜெபமும் பண்ணினோம், இரவும்பகலும் காவலும் வைத்தோம் என்று ஒரே வசனத்தில் சொல்கிறார். இரண்டு பேரும் கர்த்தரையே நம்பினார்கள். எனவே அடுத்த வீட்டார் காப்பீடு எடுத்தார், நான் எடுக்கவில்லை, ஆகவே என் விசுவாசம் பெரிது என்று அளப்பதற்கு இடமே இல்லை.

எஸ்றாவின் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. சேவகர் வேண்டாம் என்ற அதே மனிதர், கொண்டுபோகும் வெள்ளியையும் பொன்னையும் ஆசாரியர்களிடம் நிறுத்துக் கொடுக்கிறார். எருசலேம் சேர்ந்த நாலாம் நாளில் மறுபடியும் நிறுத்து, எல்லாவற்றின் நிறையையும் எழுதிவைக்கிறார்கள். கடவுளை நம்புகிறவன் கணக்கு பார்க்க மாட்டான் என்ற பேச்சு இங்கே அடிபட்டுப் போகிறது. நம் ஊரில் இன்றும் சந்தையில் வீசைக் கணக்குத்தான். ஒரு வீசை 1.63 கிலோ. கறிக்காரரின் தராசை அவ்வளவு கூர்ந்து பார்க்கும் நாம் வீட்டுக் கணக்கை மட்டும் இருட்டில் வைப்பது ஏன்? என் அனுபவத்தில், மனைவிக்கோ கணவனுக்கோ தெரியாமல் ஒளித்துவைத்த பணமே வெடித்த தொட்டியின் முதல் அடையாளம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரவு கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்து, சீட்டுப் பணம், கடன், நகை, கையிருப்பு எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுங்கள். எழுதியபின் அந்தத் தாளை மேசையில் வைத்து ஜெபியுங்கள். முதல் தடவை சண்டை வரலாம். எங்கள் வீட்டில் வந்தது.

மூன்றாவது வேலை அன்றன்றைய மன்னாவைப் பழகுவது. யாத்திராகமம் 16இல், வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குக் கர்த்தர் அன்றாடம் தந்த உணவாகிய மன்னாவில், மறுநாளுக்கு என்று மீதி வைத்தது புழுத்து நாற்றமெடுத்தது. ஆறாம் நாளில் கர்த்தர் சொன்னபடி இரண்டு மடங்கு சேர்த்து வைத்ததோ கெடவில்லை. அதே பொருள், அதே பாத்திரம். சொல் கேட்டுச் சேர்த்ததற்கும் பயந்து சேர்த்ததற்கும் உள்ள வேறுபாடு அது. இதை வீட்டில் பழக இரண்டு வழிகள் எனக்குத் தெரியும். ஒன்று, வாரத்தில் ஒரு நாள் கடையை மூடுவது. அந்த ஒரு நாள் வியாபாரம் போய்விடுமே என்று உள்ளே எழும் பதற்றத்தைக் கவனித்தாலே, நாம் யார் கையால் பிழைக்கிறோம் என்று நினைத்திருந்தோம் என்பது தெரிந்துவிடும். மற்றொன்று பிடி அரிசி. சின் மலைநாட்டுச் சபைகளில், ஒவ்வொரு வேளை சோறு ஆக்கும்போதும் ஒரு பிடி அரிசியை ஊழியத்துக்கென எடுத்து வைக்கும் வழக்கம் உண்டு. நம் பாட்டிமாருக்கும் அது புதிதல்ல. உலை வைப்பதற்கு முன் எடுக்க வேண்டும் என்பதே இதில் முக்கியம். மீந்ததிலிருந்து கொடுக்கும்போது நாம் ஒன்றையும் நம்ப வேண்டியதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. காணிக்கையையே காப்பீடாக மாற்றிவிடும் பழக்கம் நம்மிடையே பெருகியிருக்கிறது. தசமபாகம் கொடுத்தேன், ஆகவே என் கடைக்கு ஒன்றும் வராது. நாற்பது நாள் உபவாசம் இருந்தேன், ஆகவே மகனுக்கு விசா கிடைத்தே தீரும் என்பது கர்த்தரைச் சார்ந்திருப்பது போலத் தோன்றினாலும், நாமே கட்டிய மதிலுக்குப் பக்திச் சுண்ணாம்பு அடிப்பதுதான். பிலிப்பியர் 3ஆம் அதிகாரத்தில் பவுல் தம் பிறப்பையும் பக்தியையும் ஒன்றொன்றாக எண்ணி, அவை எல்லாவற்றையும் நஷ்டமென்று எழுதியது இதனால்தான். பணத்தில் வைத்த நம்பிக்கையை விடுவதைவிட நம் ஜெபத்தின்மேல் நாம் வைத்த நம்பிக்கையை விடுவது கடினம் என்பேன்.

சார்ந்திருந்தால் இழப்பு வராது என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். இந்த மண்ணிலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. 1813இல் ரங்கூனில் வந்திறங்கிய அமெரிக்க மிஷனெரி அதோனிராம் ஜட்சன், முதல் ஆங்கில-பர்மியப் போர் தொடங்கிய 1824இல் அன்றைய தலைநகரான ஆவாவில் சிறையிடப்பட்டார். அவருடைய பர்மிய வேத மொழிபெயர்ப்பின் கையெழுத்துப் பிரதியை மனைவி ஆன் முதலில் மண்ணில் புதைத்தார். மழையில் கெட்டுப்போகும் என்று கண்டதும், அதை எவரும் ஆசைப்படாத கரடுமுரடான தலையணையாகத் தைத்துச் சிறைக்குள் சேர்த்தார். கைதிகளை வேறிடத்துக்குக் கொண்டுபோனபோது தலையணை எறியப்பட்டது; விசுவாசியான மௌங் இங் அதற்குள் என்ன இருக்கிறதென்று அறியாமலே ஒரு நினைவுப்பொருளாக எடுத்து வைத்தார். பிரதி பிழைத்தது, 1834இல் முழு வேதாகமத்தின் மொழிபெயர்ப்பும் முடிந்தது. ஆனால் ஆன் 1826 அக்டோபரில் காய்ச்சலில் இறந்துபோனார். புதைத்தது, தைத்தது எல்லாம் அவருடைய கைவேலை. காத்தது அவர் கை அல்ல. காத்தவரோ அவரை அந்தக் காய்ச்சலிலிருந்து எழுப்பவில்லை. இந்த மூன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அதனால், இழந்தவர் வீட்டுக்குப் போகும்போது ‘நீங்கள் பணத்தை நம்பினீர்கள், அதனால்தான்’ என்று சொல்லாதீர்கள். அரிசியும் எண்ணெயும் எடுத்துக்கொண்டு போங்கள். அவர் கர்த்தரைச் சார்ந்திருக்க நம் கையும் ஒரு வழியாக இருக்கலாம். மருந்தை நிறுத்திவிட்டு விசுவாசத்தைக் காட்டவும் வேண்டாம். ஆசா ராஜா தன் நோயில் கர்த்தரைத் தேடாமல் பரிகாரிகளையே தேடினான் என்றுதான் 2 நாளாகமம் 16:12 குறை சொல்கிறது. பரிகாரியிடம் போனதற்காக அல்ல.

அக்காவின் கல்யாணம் 1988 தொடக்கத்தில் நடந்தது. சபையின் பெண்கள் பிடி அரிசி டின்களைக் கொண்டுவந்து எங்கள் திண்ணையில் வரிசையாக வைத்ததும், ஒவ்வொன்றிலும் வேறு வேறு அரிசியாக இருந்ததால் சோறு ஒரு பக்கம் குழைந்தும் ஒரு பக்கம் விதையாகவும் வெந்ததும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்பா அன்று யாரிடமும் அதிகம் பேசவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் ஆண்டுக்கு ஒருமுறை, செப்டம்பர் 5 இரவில், அந்த ஏழு நாள் பட்டியலை மறுபடி எழுதுகிறோம். போன ஆண்டின் பட்டியலோடு ஒப்பிட்டு, பயம் தணிந்தவற்றைக் கோடிட்டு அடிக்கிறோம். தெரிந்த ஆள் அடிபட்டுவிட்டார். அவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்றது அதற்கு உதவியது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். தம்பி அனுப்பும் பணம் பாதி அடிபட்டிருக்கிறது. என் மனைவியின் சங்கிலி மூன்று ஆண்டுகளாக முதல் வரியிலேயே நிற்கிறது. அதை எழுதுவது அவள் இல்லை, நான்.