வயிற்று மண்பட்டி: அடால்ஃப் யுஸ்ட் காட்டிய முறையும் அதில் விடவேண்டியவையும்

மண்பட்டி, அதாவது ஈரமண்ணைத் துணியில் மடித்து வயிற்றின்மேல் வைக்கும் கட்டு, கெட்டுப்போவது வயிற்றில் ஏறுவதற்கு முன்பே. மண்ணைச் சலிக்காமல், அவசரமாகக் குழைத்து வைத்துவிட்டு, ‘குளிர்ந்ததுதான் மிச்சம்’ என்று அலுத்துக்கொள்வதில் அர்த்தமில்லை. வேலையில் முக்கால் பங்கு முந்தைய நாளே முடிந்திருக்க வேண்டும்.

இந்த முறையைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் ஜெர்மானியரான அடால்ஃப் யுஸ்ட் (1859–1936). ஆங்கில உச்சரிப்பில் ‘ஜஸ்ட்’ ஆகிவிடுவார். மருத்துவர் அல்ல, புத்தக வியாபாரி. ‘இயற்கைக்குத் திரும்புங்கள்’ என்று 1896இல் நூல் எழுதி, ஹார்ட்ஸ் மலைப்பகுதியில் யுங்போர்ன் என்ற இயற்கை வாழ்வு இல்லத்தை நிறுவினார். காற்றும் வெளிச்சமும் தாராளமாகப் புகும் மரக்குடில்கள், வெறுங்கால் நடை, சமைக்காத பழமும் கொட்டைகளும், குளிர்ந்த நீரில் உட்கார்ந்து அடிவயிற்றைத் தேய்க்கும் குளியல், ஈரமண் கட்டு இவைதான் அங்கே வைத்தியம். 1912இல் எழுத்தாளர் காஃப்கா அங்கே தங்கியிருக்கிறார். அந்த நூலைத் தென்னாப்பிரிக்காவில் படித்த காந்தி, பழ உணவை உடனே பிடித்துக்கொள்ளவில்லை. மண்கட்டை மட்டும் உடனே தொடங்கினார், மலச்சிக்கலுக்காக. நம் இயற்கை மருத்துவமனைகளில் மண்பட்டி நிலைத்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

மண்ணைத் தேர்ந்தெடுப்பது

யுஸ்ட் பிற்காலத்தில் மருந்தாக விற்ற மண், காற்றடித்துச் சேர்ந்த லோயஸ் என்ற நுண்ணிய வண்டல். நமக்கு வேண்டியதும் அந்தப் பதம்தான்: நறநறக்கவும் கூடாது, பசைபோல ஒட்டவும் கூடாது. நல்ல வண்டல்மண் போதும், புற்றுமண்ணும் பயன்படும். மேல்மண்ணை விட்டு 3, 4 அடி ஆழத்திலிருந்து எடுங்கள். உரமும் பூச்சிமருந்தும் விழுந்த வயல், சாலையோரம், சாக்கடை அருகு, பழைய பட்டறை இருந்த இடம் இவற்றின் பக்கமே போகவேண்டாம்.

பதம் பார்க்க ஒரு கண்ணாடிப் பாட்டில் போதும். மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர். நன்றாகக் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் அடியில் படிவது மணல். அடுத்த சில மணி நேரத்தில் அதன்மேல் மெல்லப் படிவது வண்டல். மறுநாளும் தண்ணீரைக் கலங்கலாக வைத்திருப்பது களி. மணல் அடுக்கு பாதிக்கு மேல் இருந்தால் அந்த மண் தண்ணீரைப் பிடித்துவைக்காது, பட்டி பத்தே நிமிடத்தில் ஒழுகும். களி மிகுந்தால் காயும்போது வெடித்துத் தோலை இழுக்கும். கொஞ்சம் வண்டல் கலந்து சரிசெய்யலாம்.

மண்ணைப் பரப்பி இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயவிடுங்கள். கல், வேர் பொறுக்கி, இடித்து, மாவுச் சல்லடையில் சலித்து, மூடி வையுங்கள்.

ஊறவைத்தல்

அடிவயிற்றுக்குக் காந்தி குறிப்பிடும் அளவு 6 அங்குல நீளம், 3 அங்குல அகலம், அரை அங்குலத் தடிமன். இதற்குச் சலித்த மண் 200 கிராம் தாராளம். வயிறு முழுக்க மூட 10க்கு 6 அங்குலம் என்றால், அதே தடிமனுக்கு 600 கிராம். தண்ணீர் ஏறக்குறைய மண்ணின் எடையில் மூன்றில் ஒரு பங்கு தொடங்கி, மண் கேட்பதற்கேற்ப ஏற்றுங்கள்.

பாத்திரத்தில் முதலில் தண்ணீர், பிறகு மண்ணைத் தூவுங்கள். மாற்றிச் செய்தால் மேலே மட்டும் நனைந்து உள்ளே காய்ந்த கட்டிகள் நிற்கும். மண் முற்றிலும் காய்ந்திருப்பதும் முக்கியம். அரைகுறை ஈரமாக இருக்கும் கட்டி தண்ணீரில் எளிதில் கரையாது. இரவு முழுக்க ஊறட்டும். உலோகப் பாத்திரம் கூடாது என்பார்கள். எவர்சில்வரால் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் மண்சட்டியில் கசியும் நீர் ஆவியாகிச் சேற்றைக் குளிர்ச்சியாக வைக்கும், அதனால் சட்டியே மேல். இரண்டு மூன்று நாள் ஊறி நாற்றம் வந்த சேற்றைக் கொட்டிவிடுங்கள்.

காலையில் பிசையுங்கள். சப்பாத்தி மாவைவிடச் சற்று இளக்கம். ஒரு பிடி எடுத்துக் கையைக் கவிழ்த்தால் ஒட்டி நிற்கவேண்டும், விரலிடுக்கில் ஒழுகக்கூடாது.

பட்டி போடுதல்

சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். காலை வெறும் வயிறு இன்னும் நல்லது. கஞ்சி போடாத பழைய வேட்டித் துணியை விரித்து, நடுவில் சேற்றை அளவாகப் பரப்பி, நான்கு பக்கமும் உறைபோல மடியுங்கள். ஒற்றை மடிப்புள்ள பக்கம் வயிற்றைத் தொடவேண்டும். தொப்புளுக்குக் கீழே வைத்து, கையால் மெல்ல அழுத்தி, இடைவெளி இல்லாமல் படியச் செய்யுங்கள். காற்று புகுந்த இடத்தில் குளிர்ச்சி போய்ச்சேராது. மேலே கம்பளி அல்லது தடித்த துண்டு போர்த்துங்கள்.

வெறும் ஈரத்துணி உடல் சூட்டில் சீக்கிரம் வெதுவெதுப்பாகிவிடும். கனமுள்ள சேறு சூடேற நேரமெடுக்கும்; மண்ணின் ‘சக்தி’ என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இதுதான். காந்தி படுக்கும்போது கட்டி, விழிப்பு வந்தபோது அவிழ்த்தார். புதிதாகத் தொடங்குபவருக்கு 20 முதல் 30 நிமிடம் போதும். நடுக்கம் வந்தால் உடனே எடுத்துவிட்டு, வயிற்றை உலர்த்தித் தேய்த்துவிடுங்கள். காயும்வரை விடாதீர்கள்.

சேற்றைக் குளியலறைக் குழியில் கழுவி ஊற்றினால் பிளம்பருக்குத்தான் வேலை. வாளியில் அலசி, தெளிந்தபின் தண்ணீரை வடித்து, அடிமண்ணைச் செடிக்குப் போடுங்கள்.

யுஸ்டைப் பின்பற்றக்கூடாத இடங்கள்

மண்மேல் யுஸ்டுக்கு இருந்த நம்பிக்கைக்கு எல்லை இல்லை. புண்ணுக்கு மண், பாம்புக் கடிக்கும் மண் என்றார். இதைச் செய்யவே கூடாது. மண்ணில் டெட்டனஸ் கிருமியின் வித்துகள் இருக்கும்; வெயிலில் காயவைப்பதாலோ சட்டியில் வறுப்பதாலோ அவை செத்துவிட்டன என்று உறுதி சொல்ல முடியாது. சிறு கீறல் இருந்தாலும் அந்த இடத்தில் பட்டி வேண்டாம். பாம்பு கடித்தால் நேரே மருத்துவமனை.

மண்ணை நீரில் கலந்து குடிப்பதும் அவர் மரபில் உண்டு. தோட்டத்து மண்ணில் புழு முட்டையும் ஈயமும் இருக்கலாம், குடிக்கவேண்டாம்.

காரணம் தெரியாத வயிற்றுவலிக்குப் பட்டி போட்டுக் காத்திருப்பது அதைவிட ஆபத்து: குடல்வால் அழற்சியானால் போகும் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. கர்ப்பிணிகளும், குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் உள்ளவர்களும் தவிர்க்கட்டும். சர்க்கரை நோயால் தோல் மரத்துப்போனவர்களுக்குக் குளிர்ச்சி மிஞ்சுவது தெரியாது. பக்கத்தில் ஒருவர் இருந்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பட்டியைத் தூக்கித் தோலின் நிறத்தைப் பார்க்கவேண்டும்.