செங்குட்டித் தும்பியை அடையாளம் கண்டு படமெடுப்பது எப்படி?

சிவப்புத் தும்பிகளுக்குச் சிங்கப்பூரில் பஞ்சமில்லை. ஆனால் செங்குட்டித் தும்பி (அறிவியல் பெயர் நன்னோஃபியா பிக்மேயா) எல்லா இடத்திலும் கிடைக்காது. உலகின் மிகச் சிறிய தும்பிகளில் ஒன்று. உடல் நீளம் ஏறக்குறைய 1.5 செ.மீ.; ஒரு டாலர் நாணயத்தின் அகலம்கூட வராது. தென்கொரியாவில் இதற்குச் சட்டப் பாதுகாப்பே உண்டு.

1. எங்கே தேடுவது?

பெரிய குளத்தங்கரையில் நிற்க வேண்டாம். மத்திய நீர்ப்பிடிப்பு வனப்பகுதி போன்ற இடங்களில், வெயில் நேராக விழுகிற, கணுக்கால்கூட நனையாத கசிவுநீர்ச் சதுப்பைப் பாருங்கள். கோரைப்புல் இருந்தால் நல்லது. பார்வை முழங்காலுக்குக் கீழே, தண்டுகளின் நுனியில் இருக்கட்டும். பாதையை விட்டு இறங்காதீர்கள். விதி ஒருபுறம் இருக்க, நாம் மிதிக்கும் அந்தச் சேற்றுக்குள்தான் அதன் இளம்பூச்சிகள் வளர்கின்றன.

2. அதுதானா?

நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். முதிர்ந்த ஆண்தான் முழுச் சிவப்பு; இறக்கை உடலோடு சேரும் இடத்தில் தேன் நிறம் படர்ந்திருக்கும். எத்ரியமாந்தா பிரெவிபென்னிஸ் என்ற இன்னொரு தும்பிக்கும் இதே சிவப்பு, இதே தேன் நிறம். ஆனால் அது பார்த்தவுடனே தெரிகிற அளவுக்கு இதைவிடப் பெரியது. ஆகவே முதலில் அளவு, அப்புறம் நிறம்.

பெண்ணைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். பழுப்பு, மஞ்சள், வெளிர் பட்டைகள் மாறிமாறி வருவதால் ஏதோ குளவி என்று நினைத்துக் கடந்துவிடுவோம். உட்காரும்போது இறக்கைகளை முன்னோக்கித் தாழ்த்தி வைத்துக்கொள்கிறதா என்று பாருங்கள். குளவி அப்படி உட்காராது.

3. கேமரா

90 முதல் 105 மி.மீ. வரையிலான மேக்ரோ லென்ஸ் (மிக அருகில் எடுப்பதற்கானது) போதும். கைப்பேசி என்றால் மேலே மாட்டும் மேக்ரோ லென்ஸ். லென்ஸ் துளை எஃப் 8, ஷட்டர் வேகம் 1/250 நொடிக்குக் குறையாமல், ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 400 அல்லது 800 என்று தொடங்குங்கள்.

இந்தத் தும்பியில் உண்மையான சிக்கல் சிவப்பு நிறம்தான். வெயிலில் எடுத்த என் முதல் படங்களில் வால் முழுக்கச் சிவப்பு மை கொட்டியதுபோல் இருந்தது. வாலின் கணுக்களுக்கு இடையிலான கோடு ஒன்றுகூடத் தெரியவில்லை. எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் ஒளியளவை, மைனஸ் 0.7க்குக் குறைத்த பிறகுதான் கோடுகள் வந்தன. திரையில் சிவப்பு ஹிஸ்டோகிராம் (அந்த நிறத்தின் ஒளியளவைக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தில் முட்டுகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துவிடுங்கள்.

4. நெருங்குவது

முதலில் தூரத்திலிருந்தே ஒரு படம் எடுத்து வையுங்கள். பறந்துவிட்டாலும் ஒரு பதிவு இருக்கும். அப்புறம் குனிந்து, உங்கள் நிழல் அதன் மேல் விழாமல், மெதுவாக. பறந்தாலும் துரத்தாதீர்கள். பெரும்பாலும் அதே தண்டுக்குத் திரும்பி வரும்.

மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகம் ஒன்று. பக்கவாட்டில் எடுக்கும்போது கேமராவின் பின்பக்கம் உடலுக்கு இணையாக இருந்தால்தான் தலை முதல் வால் வரை துல்லியமாக வரும். குவியம் எப்போதும் கண்ணில். உச்சி வெயிலில் வாலைச் சூரியனை நோக்கிச் செங்குத்தாகத் தூக்கி நிற்கும். உடம்பில் வெயில் படும் பரப்பைக் குறைத்துக்கொள்ளும் வழி அது. கிடைத்தால் விட்டுவிடாதீர்கள், அருமையான படம்.

5. பறந்த பிறகு

பாதையிலிருந்தே எட்டுகிற தண்டாக இருந்தால், அது உட்கார்ந்திருந்த இடத்தின் தடிமனை ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். படத்தில் தண்டோடு ஒப்பிட்டு உடல் நீளத்தைக் கணக்கிடலாம். உயிரினங்களைப் பார்த்தவர்கள் பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் பதிவேற்றும்போது தேதி, இடத்தோடு அந்த அளவையும் எழுதிவிடுங்கள்.