கார் சீட்டுக்குப் பணம் கட்டும் முன்

கைக்குழந்தைக்கான கார் சீட்டை வாங்கும் முன், கடைக்காரரிடம் கேட்டு அதை உங்கள் காரின் பின்னிருக்கையில், பின்னோக்கிய நிலையில் பொருத்தி, பெல்ட் நுழையும் இடத்தைப் பிடித்து அசைத்துப் பாருங்கள்; அந்த இடம் எந்தப் பக்கமும் 2.5 சென்டிமீட்டருக்கு மேல் நகரக் கூடாது.

பின்னிருக்கையின் சரிவும் பெல்ட்டின் நீளமும் காருக்குக் கார் மாறுபடுவதால், விலையுயர்ந்த சீட்டும் உங்கள் வண்டியில் ஆட்டம் காணலாம், அல்லது நிமிர்ந்தே நின்று, கழுத்து உறுதிப்படாத குழந்தையின் தலையை முன்னே சரியவிட்டு மூச்சுப்பாதையை நெருக்கலாம். கடையில் பலரும் மெத்தையைத்தான் அமுக்கிப் பார்க்கிறார்கள். வசதியை முதலில் தீர்மானிப்பது சாய்வு. சீட்டின் மேல்முனை சற்று ஆடுவது இயல்பு. அதைக் குறையாகக் கருத வேண்டாம்.

காரின் இருக்கை, குழந்தையின் சீட்டு இரண்டிலும் ‘ஐ-சைஸ்’ முத்திரை (இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தும் எனக் காட்டும் தரக்குறி) இருந்தால் இந்தச் சோதனை பெரும்பாலும் தேவைப்படாது. பழைய சீட்டுக்கு இது மட்டும் போதாது, ஏனெனில் விபத்தில் சிக்கிய சீட்டின் உள்விரிசல் அசைத்துப் பார்ப்பதில் தெரியாது. ஏர்பேக் இயங்கும் முன்னிருக்கையில் பின்னோக்கிய சீட்டை எந்த நிலையிலும் பொருத்தக் கூடாது.