பாலக்காட்டு வெயிலில் மும்முனை மோட்டாருக்குக் கேபிள் அளவு பார்ப்பது எப்படி?

வாளையார், கஞ்சிக்கோடு, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் லேத்துப் பட்டறையோ எண்ணெய் மில்லோ தொடங்கும் நம்மவர்கள் பலர் கோவையில் மோட்டாரையும் கேபிளையும் ஒன்றாக வாங்கி வருகிறார்கள், "பத்து எச்.பி.க்கு ரெண்டரை ஸ்கொயர் போதும்" (அதாவது 10 குதிரைத்திறன் மோட்டாருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் கேபிள்) என்ற வாய்க்கணக்கும் கூடவே வந்துவிடுகிறது. அந்தக் கணக்கு மோட்டாரை மட்டுமே பார்க்கிறது. கேபிள் எந்த வழியாக, எவ்வளவு சூட்டில், எத்தனை கேபிள்களோடு நெருக்கியடித்துப் போகிறது என்பதற்கு அதில் இடமில்லை.

முதலில் மோட்டாரின் பெயர்ப்பலகையிலுள்ள முழுச்சுமை ஆம்பியரைக் குறித்துக்கொள்ள வேண்டும். பலகை அழிந்துபோயிருந்தால், 415 வோல்ட்டில் ஒரு குதிரைத்திறனுக்கு ஏறத்தாழ ஒன்றரை ஆம்பியர் என்று கொள்ளலாம். காயில் மாற்றிக் கட்டிய பழைய மோட்டாராக இருந்தால், பலகை தெளிவாக இருந்தாலும் அதை நம்பாமல், சுமையேற்றி ஓடவிட்டு கிளாம்ப் மீட்டரில் (கம்பியைக் கவ்வி ஆம்பியரை அளக்கும் கருவி) பார்ப்பதே சரி. இங்கே 10 எச்.பி. மோட்டாருக்கு 14.5 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்தது கேபிள் அட்டவணை. குழாய்க்குள் செல்லும் மல்டிகோர் (மூன்று பேஸ் கம்பிகளும் ஒரே உறைக்குள் இருக்கும்) செம்புக் கேபிள், பி.வி.சி. காப்புடன், சுற்றுவெப்பம் 30 டிகிரி என்ற நிலையில், 2.5 சதுர மில்லிமீட்டர் 20 ஆம்பியரும், 4 சதுர மில்லிமீட்டர் 27 ஆம்பியரும், 6 சதுர மில்லிமீட்டர் 34 ஆம்பியரும் தாங்கும். இந்த எண்ணோடு நின்றால் வாய்க்கணக்கு சரிதான் என்று தோன்றும். ஆனால் பாலக்காட்டில் கோடையில் வெளியிலேயே 40 டிகிரியைத் தாண்டுகிறது. தகரக் கூரையை ஒட்டி ஓடும் குழாய்க்கு 50 டிகிரி என்று கணக்கிடுவது மிகையாகாது. பி.வி.சி. காப்பு 70 டிகிரிக்கு மேல் தாங்காதாகையால், 50 டிகிரியில் அட்டவணை எண்ணை 0.71ஆல் பெருக்க வேண்டும். அதே குழாயில் மூன்று இயந்திரங்களின் கேபிள்கள் சேர்ந்து சென்றால் மேலும் 0.70ஆல் பெருக்க வேண்டும். இப்போது 2.5 சதுர மில்லிமீட்டரின் திறன் ஏறத்தாழ 10 ஆம்பியராகவும், 4இன் திறன் 13.4 ஆகவும் சுருங்கிவிடுகின்றன. 6 மட்டுமே ஏறத்தாழ 17 ஆம்பியருடன் தேறுகிறது. நம் நாட்டுத் தயாரிப்பாளர்களின் அட்டவணைகளில் பல 40 டிகிரியை அடிப்படையாகக் கொண்டவை. அவற்றுக்கு 50 டிகிரியில் பெருக்கெண் 0.82. எந்த அடிப்படை என்று பார்க்காமல் பெருக்கக் கூடாது. கேபிள்களைத் தனித்தனியாக, கூரையிலிருந்து இறக்கி டிரேயில் (திறந்த தட்டில்) கொண்டுபோனால் சிறிய அளவே போதுமானதாகலாம் என்பதால், கேபிளை வாங்கும் முன் வழியைத் தீர்மானிப்பது பணத்தையும் மிச்சப்படுத்தும்.

தூரத்தையும் பார்க்க வேண்டும். மெயின் போர்டிலிருந்து 60 மீட்டர் தள்ளி இந்த மோட்டார் இருந்தால், 6 சதுர மில்லிமீட்டரில் ஓட்டத்தின்போது 5 வோல்ட்டுக்குள்தான் இறங்கும், 2.5இல் 11 வோல்ட்டுக்கு மேல் இறங்கும். நேரடி ஸ்டார்ட்டரில் மோட்டார் ஆறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும் கணத்தில் இந்த வீழ்ச்சி பன்மடங்காகும். மின்னழுத்தம் 10 விழுக்காடு குறைந்தால் முறுக்குவிசை 19 விழுக்காடு குறையும். மோட்டார் எழும்பத் திணறி உறுமுவதற்கு இது முக்கியமான காரணம்.

ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் (மோட்டாரை ஸ்டார் இணைப்பில் மெதுவாகத் தொடங்கி, பிறகு டெல்டா இணைப்புக்கு மாற்றுவது) என்றால், டெல்டாவில் ஓடும்போது ஸ்டார்ட்டரிலிருந்து மோட்டாருக்குச் செல்லும் ஆறு கம்பிகளில் ஒவ்வொன்றிலும் முழுச்சுமை மின்னோட்டத்தில் 58 விழுக்காடே, அதாவது 8.4 ஆம்பியரே ஓடும். ஓவர்லோடு ரிலே (மின்னோட்டம் அளவுக்கு மீறினால் மோட்டாரை நிறுத்துவது) அந்தக் கம்பிகளில் இருந்தால் அதையும் 8.4க்கே வைக்க வேண்டும், 14.5க்கு வைத்தால் மோட்டார் கருகும்வரை ரிலே அசையாது.

அலுமினிய ஆர்மர்டு (இரும்புக் கவசம் போட்ட) கேபிள் விலை குறைவு, ஆனால் செம்பைப் போல ஏறத்தாழ 1.6 மடங்கு குறுக்களவு வேண்டும்; 6க்குப் பதில் 10 வாங்க வேண்டியிருக்கும். செம்பு முனையில் இணைக்கும்போது இருவுலோக லக் (செம்பும் அலுமினியமும் சேர்ந்த முனை இணைப்பான்) போட வேண்டும். எர்த் கம்பி, 16 சதுர மில்லிமீட்டர் வரை, பேஸ் கம்பியின் அளவிலேயே இருக்கட்டும். மோட்டார் உடலுக்குத் தனித்தனியாக இரண்டு எர்த் இணைப்புகள் தருவது விதி.

இணைப்பு முடிந்தபின் இயந்திரத்தை முழுச்சுமையில் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, மூன்று பேஸ்களிலும் ஆம்பியரை அளந்து, மோட்டார் முனையில் மின்னழுத்தத்தையும் பார்க்க வேண்டும். பிறகு மெயினை அணைத்துப் பூட்டிவிட்டு, மின்சாரம் இல்லை என்று சோதித்த பின்னரே லக்குகளில் சூடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.