மூன்று லென்ஸ், ஒரே வண்ணப்படம்: எல்இடி புரொஜெக்டர் கட்டும் முறை

சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய நிறங்களுக்கு ஒவ்வொன்றாக மூன்று கறுப்பு வெள்ளை ஸ்லைடுகள். ஒவ்வொன்றுக்கும் அந்தந்த நிறத்தில் ஒளி தரும் தனி விளக்கு, தனி லென்ஸ். மூன்றும் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தால் முழு வண்ணப்படம். 1861 மே 17 அன்று லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் இயற்பியலாளர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் செய்துகாட்டியது இதைத்தான். பின்னாளில் வந்த மூன்று குழாய் சிஆர்டி (பழைய டிவியில் இருந்தது போன்ற படக்குழாய்) புரொஜெக்டர்களும் இப்படித்தான் படம் காட்டின.

நிறங்களைக் கலப்பது எளிது. மூன்று படங்களின் ஓரங்களையும் பொருத்துவதுதான் உண்மையான வேலை. அதனால் கணக்கை முதலில் போட்டுவிடுவோம்.

கணக்கு

ஸ்லைடு 36 × 24 மி.மீ., லென்ஸின் குவியத் தூரம் 100 மி.மீ., திரை 2 மீட்டர் தள்ளி. திரைத் தூரத்தைக் குவியத் தூரத்தால் வகுத்து 1 கழித்தால் உருப்பெருக்கம் வரும்: 20 − 1 = 19. திரையில் படம் 684 × 456 மி.மீ. இருக்கும். ஸ்லைடுக்கும் லென்ஸுக்கும் இடைவெளி 2000 ÷ 19, அதாவது 105.3 மி.மீ.

ஸ்லைடின் மூலைவிட்டம் 43.3 மி.மீ. என்பதால் 50 மி.மீ. விட்டமுள்ள கண்டென்சர் (விளக்கின் ஒளியைக் குவித்து ஸ்லைடு வழியாக லென்ஸுக்கு அனுப்பும் கண்ணாடி) வேண்டும். அவை பக்கத்தில் பக்கத்தில் உட்கார, லென்ஸ் மையங்களுக்கு இடையே 60 மி.மீ. விடுங்கள். ஒரு நிறத்தின் விளக்கு, கண்டென்சர், ஸ்லைடு, லென்ஸ் எல்லாம் சேர்ந்து ஒரு பெட்டி. பச்சைப் பெட்டி நடுவில் இருக்கட்டும். படத்தின் நுணுக்கத்தைக் கண் பெரும்பாலும் பச்சையில்தான் பிடிக்கிறது; அதை அசைக்காமல் வைத்து மற்ற இரண்டையும் அதோடு பொருத்துவோம்.

பெட்டியைத் திருப்பாதீர்கள், ஸ்லைடை நகர்த்துங்கள்

புதிதாகக் கட்டுபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள். ஓரப் பெட்டிகளைத் திரையின் நடுவை நோக்கி 1.7 டிகிரி திருப்பினால் நடுவில் படம் பொருந்திவிடும். ஆனால் படத்தின் ஒரு பக்கம் பெருத்து மறுபக்கம் சிறுக்கும். மூலையில் பச்சையிலிருந்து மேல்கீழாக ஒரு மி.மீ.க்குச் சற்று மேலும், பக்கவாட்டில் 1.75 மி.மீ. அளவும் விலகும். சிவப்பும் நீலமும் எதிரெதிர்த் திசையில் விலகுவதால் அவற்றுக்கிடையே இது இரட்டிப்பாகும். எந்தத் திருகாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

மூன்று லென்ஸும் மூன்று ஸ்லைடும் திரைக்கு இணையாகவே இருக்கட்டும். ஓர ஸ்லைடை மட்டும் பச்சையை விட்டு வெளிப்பக்கமாக 60 ÷ 19 = 3.16 மி.மீ. தள்ளுங்கள். படம் சதுரம் கெடாமல் நடுவுக்கு வந்துவிடும். தப்பித்தவறி உள்பக்கம் தள்ளினால், 60 மி.மீ. விலகியிருந்த படம் 120 மி.மீ. விலகிப்போகும். அதைப் பார்த்ததும் திசை மாறிவிட்டது என்று புரிந்துகொள்ளலாம்.

தேவையானவை

ஒவ்வொரு நிறத்துக்கும்: 10 வாட் ஒற்றை நிற எல்இடி, ஹீட் சிங்க், சின்ன ஃபேன், நிலைமின்னோட்ட டிரைவர் (எல்இடிக்குப் போகும் மின்னோட்டத்தை மாறாமல் வைக்கும் சர்க்யூட்). சிவப்பு எல்இடிக்கு மற்ற இரண்டைவிட வோல்டேஜ் குறைவு. மூன்றையும் ஒரே சப்ளையில் நேரே மாட்டினால் சிவப்பு கருகிவிடும். கண்டென்சருக்கு 60 மற்றும் 100 மி.மீ. குவியத் தூரமுள்ள இரண்டு தட்டைக் குவிவு லென்ஸ்கள் (ஒரு முகம் தட்டை, மறுமுகம் குவிந்தது). இவற்றின் குவிந்த முகங்கள் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். படம் காட்ட 100 மி.மீ. தட்டைக் குவிவு லென்ஸ் ஒன்று, குவிந்த முகம் திரைப் பக்கம். அதன்மேல் 20 மி.மீ. துளையிட்ட கறுப்பு அட்டை. மூன்று பெட்டியும் முன்பின் நகரும்படி அலுமினிய ரெயில்.

ஸ்லைடு

கிம்ப் மென்பொருளில் படத்தை ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) என மூன்று கறுப்பு வெள்ளைப் படங்களாகப் பிரித்து, மூன்றுக்கும் நான்கு மூலையில் சிலுவைக் குறி இடுங்கள். மூன்றையும் ஒரே லேசர் ஓஎச்பி ஷீட்டில் (லேசர் அச்சுக்கான ஒளிபுகும் பிளாஸ்டிக் தாள்), ஒரே திசையில் அச்சிடுங்கள். அச்சு இயந்திரத்தின் சூட்டில் ஷீட் சற்றே சுருங்கும். தனித்தனி ஷீட் என்றால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி சுருங்கித் தலைவலி தரும். ஸ்லைடைத் தலைகீழாக மாட்டினால்தான் படம் நேராக விழும்.

பொருத்தும் வரிசை

1. விளக்கு: ஸ்லைடு இல்லாமல் எல்இடியை எரியவிட்டு, லென்ஸ் இருக்கும் இடத்தில் வெள்ளைத்தாள் பிடியுங்கள். எல்இடியின் சில்லுகள் சின்னக் கட்டங்களாகத் தாளில் தெரியும். அந்தப் பொட்டு லென்ஸின் நடுவில் விழும்வரை எல்இடியை நகர்த்துங்கள். ஓரப் பெட்டிகளில் கண்டென்சரையும் ஸ்லைடோடு சேர்த்து வெளியே தள்ளுங்கள். இல்லாவிட்டால் ஸ்லைடின் ஒரு மூலை இருண்டுபோகும். கட்டங்கள் திரையிலேயே தெரிந்தால் கண்டென்சர் தூரம் தவறு.

2. அளவு: இதைத் தவிர்த்துவிட்டு மேலே போகாதீர்கள். சாதாரண கண்ணாடி லென்ஸுக்குப் பச்சையில் 100 மி.மீ. குவியத் தூரம் என்றால், நீலத்தில் ஏறத்தாழ 99.2, சிவப்பில் 100.9. மூன்றையும் ஒரே தூரத்தில் வைத்துக் கூர்மையாக்கினால் நீலப்படம் சிவப்பைவிட 12 மி.மீ. அகலமாக விழும். படம் காட்டும் லென்ஸ் திரையிலிருந்து இருக்கவேண்டிய தூரம் அதன் குவியத் தூரத்தைப்போல் 20 மடங்கு. ஆகவே நீலப் பெட்டியை 16 மி.மீ. முன்னே, சிவப்பை 18 மி.மீ. பின்னே நகர்த்துங்கள். திரையில் பென்சிலால் 684 × 456 கட்டம் வரைந்து, ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாக எரியவிட்டு, கூர்மையாக்கி அளந்து பாருங்கள். படம் பெரிதாக இருந்தால் பெட்டியை முன்னே தள்ளி மறுபடி கூர்மையாக்குங்கள். லென்ஸுக்கு லென்ஸ் இருக்கும் தயாரிப்பு வித்தியாசமும் இதிலேயே சரியாகிவிடும்.

3. சுழற்சி, பிறகு நகர்த்தல்: சிலுவைகளின் சாய்வை முதலில் நேராக்குங்கள். அதன்பின் எம்3 திருகால் ஸ்லைடை நகர்த்துங்கள். திருகு ஒரு சுற்றுக்கு அரை மி.மீ. நகரும், திரையில் அது 9.5 மி.மீ. கடைசியில் கால் சுற்றுக்கும் குறைவாகவே திருப்ப வேண்டியிருக்கும். சிலுவையின் ஓரத்தில் இருக்கும் சிவப்பு இழையும் நீல இழையும் மெல்ல உள்வாங்கி மறையும் கணம் பார்க்கவே அழகு.

4. வெள்ளை: ஸ்லைடுகளை எடுத்துவிட்டுப் பச்சையை முழுதாக எரியவிட்டு, சிவப்பையும் நீலத்தையும் மெல்லக் கூட்டுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் தெரியும் வெள்ளைத்தாளோடு ஒப்பிட்டு நிறுத்துங்கள்.

கோளாறு வந்தால்

நடு கூர்மையாகவும் ஓரம் மங்கலாகவும் இருந்தால், ஒற்றை லென்ஸின் குவியத் தளம் வளைந்திருப்பதே காரணம். துளையை 12 மி.மீ. ஆக்குங்கள். வெளிச்சம் குறையும், ஓரம் தெளியும். காலையில் பொருந்திய படம் அரைமணியில் விலகினால் ஸ்லைடு சூடேறி நெளிகிறது. இரண்டு மெல்லிய கண்ணாடிகளுக்கு நடுவே அதை வையுங்கள்.

திரையை 3 மீட்டருக்குத் தள்ளினால் உருப்பெருக்கம் 29 ஆகும், ஸ்லைடு நகர்த்தல் 2.07 மி.மீ.க்குக் குறையும், பெட்டிகள் இருக்கவேண்டிய இடமும் 20 மடங்குக்குப் பதில் 30 மடங்கால் கணக்காகும். இரண்டாம் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.